போற தாள், போகாத தாள்

என் கண்ணான மகனுக்கு உம்மாவின் சலாம்.

நேற்று மாலை அசர் தொழுதுவிட்டு எழுந்த நேரத்தில் உன் போன் வந்தது. கோயம்புத்தூரில் மழை என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். பிறகு கோபமே இல்லாத குரலில் ஒன்று கேட்டாய். "உம்மா, ஒங்க ஸ்கூல் பிள்ளையளுக்கெல்லாம் தப்புப் போன தாள எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுக்கிய. எனக்கு ஏன் சொல்லித் தரல?" அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வண்ணார்பேட்டையின் பேருந்துச் சத்தம் முழுவதும் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. அந்தி சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் இவ்வளவு நேரம் அசையாமல் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றையும் நான் புதிதாகச் சொல்லப்போவதில்லை. நீ தேற வேண்டியது ஒரே ஒரு பேப்பர். வெப்ப இயக்கவியல். மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறிய பேப்பர். அடுத்த தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்கு முன்பே வெளிநாட்டுக்கு வாப்பாவிடம் போய்விடுகிறேன், பட்டம் இல்லாவிட்டால் என்ன, அவர் வேலை செய்யும் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்கிறாய். போய்விட்டால் அதை நீ மறுபடி எழுதமாட்டாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிக்கெட்டை எந்த மாதத்துக்குப் போடட்டும் என்று வாப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல என்னால் முடியாது. எழுதினால்தான் வரும். நீ சம்மதித்தால் இதை வேறு தாய்மார்களும் வாசிக்கட்டும். என்னைப் போலச் செய்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள்.

நான் தினமும் காலையில் ஆற்றைக் கடந்து தச்சநல்லூருக்குப் போகிறவள். திருத்திய தாள்கட்டு மடியில் இருக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பாலம் வருவதற்குள் கண் சொருகிவிடும். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. சில நாட்களில் அந்தத் தாள்களெல்லாம் மடியிலிருந்து எழுந்து தாமிரபரணியின் மேல் பரவி மிதப்பது போலத் தோன்றும். வெள்ளையாக நிற்பதில் கொக்கு எது, தாள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தண்ணீர் பட்டு நான் போட்ட சிவப்பு மை கரைந்து கரைந்து போகும். பிள்ளைகள் எழுதிய நீல எழுத்து மட்டும் அழியாமல் அப்படியே இருக்கும். குனிந்து வாசிக்கப் போவேன், அதற்குள் நடத்துநர் விசில் அடித்துவிடுவார். பேருந்து அக்கரைக்கு வந்திருக்கும். இந்தக் கனவை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

பதினைந்து வருடம் நான் ஒரே மாதிரிதான் தாள் கொடுத்தேன். அதிக மதிப்பெண் மேலே, குறைந்தது கீழே. அந்த வரிசையிலேயே பெயர் கூப்பிடுவேன். தாள் எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்ததும் வகுப்பில் ஒரு சத்தம் எழும், வாழைத் தோப்புக்குள் காற்று நுழைந்தது போல. பிள்ளைகள் தாளைப் படிக்கிறார்கள் என்று நினைத்து அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு நிறைவு வரும். உண்மையில் அவர்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயாவது அரை மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கூட்டல். விட்டுப்போயிருந்தால் என்னிடம் ஓடி வருவார்கள். இல்லையென்றால் மதிப்பெண் எழுதிய மூலையைப் பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடாதபடி முக்கோணமாக மடித்துவிடுவார்கள். வீட்டில் கையெழுத்து வாங்கி மறுநாள் திருப்பித் தருவார்கள். நான் கட்டி அலமாரியில் வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நான் எழுதிய சிவப்பு எழுத்தை ஒரு பிள்ளையும் வாசித்ததில்லை.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இசக்கியம்மாள் என்று ஒரு பிள்ளை வந்தாள். ஏழாம் வகுப்பு. அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மூலையை அவள் மடித்த வேகத்தில் தாளே கிழிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை ஒட்டித் தரலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். பசை தடவும்போதுதான் பார்த்தேன், வயலுக்கு வேலி போடுகிற கணக்கு. அதற்கு முந்திய இரண்டு தேர்விலும் அதே வகைக் கணக்கில் அதே பிழைதான். மூன்று முறையும் நான் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், ஒருமுறைகூட என்ன நடந்தது என்று கேட்டதில்லை. கேள்வியில் என்ன இருக்கிறது, உன் வாயால் சொல் என்றேன். ஒரு வயல் இருக்கு டீச்சர், நாப்பது மீட்டர் நீளம், இருபத்தஞ்சு அகலம், சுத்தி ஒரு சுத்து வேலி போட எவ்வளவு கம்பி வேணும் என்றாள். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். பெருக்கினேன் என்றாள்.

"சரி. ஆயிரம் மீட்டர் கம்பி வாங்கியாச்சு. இப்போ அத எங்கன வைக்கப்போற?"

அவள் மேசையின் விளிம்பில் விரலை வைத்துப் பைய இழுத்துக்கொண்டே போனாள். ஒரு சுற்று வந்ததும் விரல் நின்றது. மேசையின் நடுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் வயல் பூரா கம்பிய விரிச்சிட்டேன். ஆடு மாட்ட விடுங்க, எங்க அப்பாவே உள்ள காலு வைக்க முடியாது."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து சங்கரி டீச்சர் எட்டிப் பார்த்தார். அந்தப் பிள்ளை பிறகு ஒருநாளும் சுற்றளவையும் பரப்பையும் குழப்பியதில்லை. நான் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் என்ன செய்தாள் என்று அவளே பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு என் வழக்கம் மாறியது. தாளை முதல் நாள் மதிப்பெண் போடாமல் கொடுப்பேன். மதிப்பெண் என் குறிப்பேட்டில் இருக்கும், மறுநாள்தான் சொல்வேன். அந்த முதல் நாளில் ஒவ்வொருவரும் பென்சிலை எடுத்துக்கொண்டு, தப்பான இடத்துக்குப் பக்கத்தில், நான் இங்கே என்ன நினைத்து இப்படி எழுதினேன் என்று தன் பேச்சிலேயே எழுத வேண்டும். ஒரு பிள்ளை 'கேள்வியின் கடைசி வரியைப் படிக்கவில்லை' என்று எழுதுவாள். ஒருத்தி 'தெரியும், ஆனால் பயத்தில் அழித்துவிட்டேன்' என்று எழுதுவாள். 'இதை நடத்திய எட்டாம் தேதி எனக்குக் காய்ச்சல், வகுப்புக்கு வரவில்லை' என்று ஒருத்தி எழுதியிருந்தாள், அவளுக்கு அந்தப் பாடத்தையே நான் திரும்ப நடத்த வேண்டியிருந்தது. பிறகு ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்து வேறு தாளில் புதிதாகப் போட்டு ஒரு வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் போடச் சொன்னால் பார்த்து எழுதிவிடுவார்கள். ஆரம்பத்தில் நானும் ஐந்து முறை எழுதிவா என்றுதான் சொன்னேன், அழகான கையெழுத்து வந்தது, கணக்கு வரவில்லை. சங்கரி டீச்சர் இன்றைக்கும் கேலி செய்வார். "நீங்க மார்க்க ஒளிச்சு வச்சுக்கிடுதிய. பிள்ளைய எல்லாம் எங்கிட்ட வந்து, எங்க டீச்சர் குறிப்பேட்ட எட்டிப் பாத்துச் சொல்லுங்கன்னு கெஞ்சுதுவ." கெஞ்சட்டும். மதிப்பெண் தெரிந்த பிறகு யாருக்கும் காது கேட்பதில்லை. அது தெரிவதற்கு முன் உள்ள அந்த ஒரு நாள்தான் தாள் பேசுகிற நாள்.

இவ்வளவு தெரிந்தவள் உன்னை என்ன செய்தேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

உனக்கு இரண்டு வயதாகும்போது வாப்பா வெளிநாடு போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் பேசும்போது முதலில் கேட்பது பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்பதுதான். அங்கிருந்து வந்து போகிறவர்களிடம் நான் கருவாடும் மசாலாத்தூளும் கொடுத்துவிடும்போது உன் பரீட்சைத் தாளையும் மடித்து வைப்பேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு தாள் மோசமாக இருந்தது, அதையும் வைத்து அனுப்பினேன். அடுத்த முறை ஊருக்கு வந்த அவருடைய அறைக்காரர் ஒருவர், அந்தத் தாளைப் பார்த்த அன்றைக்கு வாப்பா சோறு தின்னவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் நிற்கிற மனிதர், பட்டினி கிடந்திருக்கிறார். அன்றோடு முடிவு செய்தேன். அதன் பிறகு நம் வீட்டில் தாள்கள் இரண்டு வகையாயின. போற தாள், போகாத தாள். எழுபதுக்கு மேல் என்றால் அது போற தாள். மற்றவை தையல் மிஷினின் இழுப்பறைக்குள் போய்விடும். பின்னால் செல்போனில் படம் எடுத்து அனுப்புகிற காலம் வந்தது, அப்போதும் அதே பிரிவினைதான்.

நீ ஆறாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். அங்கிருந்தே தாளை நீட்டினாய். நான் வாங்கி, உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டாமல், "இது போகாத தாள், ராசா. வாப்பாவுக்குத் தெரியாது. போய் வெளையாடு" என்றேன். உன் முகம் அப்படியே மலர்ந்தது. அடிக்காத, திட்டாத தாய் என்று என்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை அன்றைக்கு. அந்தத் தாளில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கும் தெரியாது. திருத்தியவரைத் தவிர மனிதர் யாரும் வாசிக்காத தாள் அது. ஒன்பதாம் வகுப்பு வந்தபோது எனக்கு அந்த வேலையும் மிஞ்சவில்லை. "உம்மா, இது போகாத தாள். நானே உள்ள வச்சிருதேன்" என்று நீயே பிரிக்கப் பழகிவிட்டாய். அதை உன் பொறுப்புணர்ச்சி என்று நினைத்தேன்.

ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்டாய் அல்லவா? நீ பள்ளியில் இருந்தபோது எனக்கே அது தெரியாது, தெரிந்த பிறகும் உன்னிடம் வாய் திறக்கவில்லை. இசக்கியம்மாளின் தப்பு என்னைக் குத்தவில்லை, அதனால் அதன் பக்கத்தில் உட்கார முடிந்தது. உன் தாளில் இருந்த எண்ணை எனக்குப் போட்ட எண்ணாகவே வாசித்தேன். புருஷன் அக்கரையில், பிள்ளையை இவள் எப்படி வளர்க்கிறாள் பார்ப்போம் என்று எல்லோரும் எனக்கு ஒரு பரீட்சை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அதில் தோற்றுவிடக் கூடாது என்று உன் தாளை ஒளித்தேன். வாப்பாவுக்காக ஒளித்தேன் என்று சொன்னது பாதி உண்மைதான்.

உன் கூட்டாளிகள் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்ட மாதத்தில் நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். எனக்கு அடுத்த வருஷம் என்றாய். நான் நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. மூன்று மாதம் கழித்துத் திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் பேருந்தில் போனோம். பாதையோரம் முழுவதும் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம் வெயிலில் அலை அலையாக நடந்துகொண்டிருந்தது. பேருந்து ஊர்ந்ததால் நாம் நிற்பது போலவும் அவர்கள் மட்டும் போவது போலவும் இருந்தது. நீ அவர்களைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "உம்மா, நான் ஒரு பேப்பர்ல பெயிலு. மூணு தடவ எழுதிட்டேன்" என்றாய். திருத்திய தாளின் நகலை விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தாயா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது, ஆசிரியப் புத்தி. "பெயில்னு போட்டாச்சு. அதுக்கு மேல அதுல பாக்க என்ன இருக்கு?" என்றாய். அது உன் குரல்தான், ஆனால் சொல் என்னுடையது. அந்தப் பேருந்தில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வளர்த்ததை நான் கேட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ தவறிய பேப்பரை மட்டும் அல்ல, போகாத தாள்கள் எல்லாவற்றையும். வகுப்பு வாரியாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் வேறு எதையோ பேச ஆரம்பித்தார். அங்கே கார் ஓட்ட லைசென்ஸ் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று. அவர் போன புதிதில் ஐந்து முறை தவறினாராம். ஒவ்வொரு முறையும் இறங்கும்போது ஒரு தாள் தருவார்களாம், எங்கே பிழை என்று அதில் குறி போட்டிருக்கும். இவர் அதைப் பார்க்காமல் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். ஐந்தாவது முறை தோற்று வந்து படுத்துக் கிடந்தபோது, அறையில் இருந்த மலையாளத்துக்காரர் பெட்டியைத் திறந்து ஐந்து தாளையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பி வாசித்திருக்கிறார். ஐந்திலும் ஒரே கட்டத்தில்தான் குறி. வண்டியைப் பக்கத்துத் தடத்துக்குத் திருப்பும்போது தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், இவர் கண்ணாடியை மட்டும் பார்த்திருக்கிறார். ஆறாவது முறை திரும்பிப் பார்த்தார், லைசென்ஸ் கிடைத்தது.

இருபது வருடமாக இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எனக்கு நல்ல தாளா அனுப்பிட்டு இருந்த. நான் ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. நம் மூன்று பேருக்கும் நடுவில் இவ்வளவு நாளும் நல்ல தாள்கள் மட்டுமே போய் வந்துகொண்டிருந்திருக்கின்றன. ஒருவரை ஒருவர் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறோம்.

அன்றைக்கே வாப்பா உனக்கும் போன் செய்து இந்த ஐந்து தாள் கதையைச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நீ நகலுக்கு விண்ணப்பித்தாய் என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை. நேற்று நீ அந்தக் கேள்வியைக் கேட்டு, நான் போனை வைத்த சற்று நேரத்தில் விடைத்தாள் நகல் என் போனுக்கு வந்து சேர்ந்தது. கீழே ஒரு வரி. 'எனக்குத் தைரியம் இல்ல உம்மா. நீங்க பாத்துட்டு, பாக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க.'

நான் பொய் சொல்லக் கூடாது. என் விரல் அதன் மேல் போனது. திறப்பதற்கு முன்பே சின்னதாக, மங்கலாக முதல் பக்கம் தெரிந்தது. உன் கையெழுத்தின் சாய்வு தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. மஃரிப் முடிந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெப்ப இயக்கவியல் தெரியாது, ஆனாலும் பிள்ளைகளின் தாளை இருபது வருடம் பார்த்த கண் இது, எங்கே தடுமாறினாய் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்து, மெல்லச் சொல்லி, உனக்கு வலிக்காதபடி செய்துவிடுவேன். உனக்கு வலிக்காதபடி பார்த்துக்கொண்டதுதான் இத்தனை வருடமும் நான் செய்தது.

ஆகவே நீ பார். தூக்கம் கலைந்த புதுக் காலையில், ஃபஜ்ருக்குப் பிறகு, டீ குடித்துவிட்டு உட்கார். பக்கத்தில் கேள்வித்தாளை வைத்துக்கொள். முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் கையால் மறைத்துக்கொள், அது ஏற்கெனவே உனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு இடமாக, இங்கே என்ன நினைத்து எழுதினேன் என்று பென்சிலால் எழுது. பயந்திருந்தால் பயந்தேன் என்று எழுது. படிக்கவில்லை என்றால் அதை எழுது. ஒன்றுமே ஓடவில்லை என்றால் அந்த நிமிடமே என்னைக் கூப்பிடு, நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். முழுவதையும் பார்த்த பிறகு, தேர்வெழுதாமல் போவது என்று உனக்குத் தோன்றினால் போ, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், உன் துணிகளை நானே பெட்டியில் அடுக்கித் தருவேன். எழுதிவிட்டுப் போவது என்றாலும் சரி. டிக்கெட்டை எந்த மாதத்துக்குப் போடுவது என்று வாப்பாவிடம் நீயே சொல். பார்ப்பதற்கு முன் மட்டும் சொல்லாதே.

நீ அனுப்பியதை நான் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது என் போனிலிருந்து அதை அழித்துவிட்டேன். இப்போது அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

உம்மா